ஆறவிட்டு ஓட்டிய ஐந்நூறு கிலோமீட்டர்

நேற்று மாலை கானாடுகாத்தானில் ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஆறும் வரை காத்திருந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நடு முனையைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கான், பதமாக வறுத்த மல்லியின் நிறத்துக்கு வந்திருந்தது. கரி படியவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, வெளுத்துப்போகவும் இல்லை. போர் போட்ட பிறகு, அதாவது சிலிண்டரைக் குடைந்து புது பிஸ்டன் போட்ட பிறகு, ஓடிய தூரம் 512 கிலோமீட்டர். டூ ஸ்ட்ரோக் வண்டியோடு பழகியவர்களுக்கு அந்த நிறம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தெரியும். புதிதாக என்ஜின் வேலை பார்த்த வண்டியை எப்படிப் பழக்குவது என்று என்னிடம் கேட்கிற நண்பர்களுக்காக, இந்த ஐந்நூறு கிலோமீட்டரையும் நான் எப்படி ஓட்டினேன் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. அப்பச்சி (அப்பா) 1991இல் புதிதாக வாங்கியது. 1985இல் வெளிவரத் தொடங்கி 1996இல் உற்பத்தி நின்றுபோன இந்த வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் அதே 50 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 98 சிசி வரும். அலுமினியச் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு உறை ஒன்று இருக்கிறது. அது தேய்ந்துவிட்டால் லேத்தில் கொடுத்துக் கால் மில்லிமீட்டர் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவதைத்தான் போர் போடுவது என்கிறோம். 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு அளவுகள் உண்டு. அதன் பிறகு உறையையே மாற்ற வேண்டும். ஆகவே ஒவ்வொரு போரும், போனால் திரும்பாத இரும்பு. எங்கள் வண்டிக்கு இப்போது நடந்திருப்பது இரண்டாவது போர், விட்டம் 50.50 ஆகி, வண்டி 100 சிசியைத் தொட்டிருக்கிறது. முதல் போர் வீணானது நெடுநாள் உழைத்துத் தேய்ந்ததால் அல்ல. அதை நான் கெடுத்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த முதல் போர் போட்டு அறுபது கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை. மார்கழி மாதம். காரைக்குடியிலிருந்து விடிவதற்கு முன்பே புறப்படும் பல்லவன் ரயிலில் தங்கையை ஏற்றிவிட வேண்டும். பனியில் நனைந்து கிடந்த வண்டியை உதைத்து, சத்தம் சீரானதுமே தங்கையையும் அவளுடைய பையையும் ஏற்றிக்கொண்டு, நேரமாகிவிட்ட பதற்றத்தில் பள்ளத்தூரிலிருந்து முறுக்கி ஓட்டினேன். மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். பின்னாலிருந்து யாரோ பிடித்து நிறுத்துவதுபோல் இழுவை மந்தமாயிற்று. என்னவென்று யோசிப்பதற்குள் பின்சக்கரம் நின்று, டயர் சாலையில் இழுபட்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் இருவரும் விழாமல் தப்பினோம். தங்கை பின்னால் வந்த பால் வண்டியில் ஏறிப்போய் ரயிலைப் பிடித்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அப்பச்சி ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சூடு இன்னும் போகாத சிலிண்டரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் பிஸ்டனைக் கழற்றியபோது அதன் பக்கவாட்டில் நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தன. மெக்கானிக் அண்ணன் அதைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். “நாலு மூலையிலயும் புடிச்சிருக்கு தம்பி. எண்ணெய் போகாமப் புடிச்சிருந்தா சைலன்சர் பக்கந்தான் தேஞ்சிருக்கும். இது பிஸ்டன் முந்திக்கிச்சு, சிலிண்டர் பிந்திக்கிச்சு” என்றார். இதைவிடத் தெளிவாக இந்தக் கோளாற்றை விளக்க முடியாது என்று இன்றும் நினைக்கிறேன். பிஸ்டன் அலுமினியம், உறை வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். நெருப்பு நேராகப் படுவது பிஸ்டனின் தலையில். சிலிண்டரின் வெளியே சூட்டை ஆற்றும் தகடுகளான ஃபின்களிலோ குளிர்ந்த காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் நான்கு பங்கு அளவுதான், ஒரு தலைமயிரின் கனம்கூட இருக்காது. சிலிண்டர் சூடேறி விரிவதற்குள் முறுக்கினால், பிஸ்டன் பருத்து அந்த இடைவெளியை விழுங்கிவிடும். ஓடித் தேய்ந்த என்ஜினில் இதற்குச் சற்று இடம் இருக்கும். புதிய போரில் கொஞ்சமும் இராது.

அந்தச் சமயத்தில் எனக்குக் கிடைத்திருந்த அறிவுரை ஒன்றே ஒன்று: நாற்பதுக்கு மேல் போகாதே. பலரும் நல்லெண்ணத்தோடு சொல்வதுதான், பாதி உண்மையும் அதில் இருக்கிறது. ஆனால் அது வேகத்தை மட்டும் பார்க்கிறது. என்ஜினுக்கு மீட்டரில் உள்ள முள் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. தன் மேல் விழும் பாரமும், தனக்குள் ஏறும் சூடும், தனக்கு வந்து சேரும் எண்ணெயும் மட்டுமே அதற்குத் தெரியும். நான்காம் கியரில் முப்பதில் முனகவிட்டு ஓட்டுவது, மூன்றாம் கியரில் நாற்பதில் தாராளமாக ஓடவிடுவதைவிடப் புது பிஸ்டனுக்குக் கெடுதல். இதை உணர எனக்கு ஒரு போர் செலவாகியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அம்மி கொத்த ஆள் வரும் நாள்களை நினைத்துக்கொண்டால் இந்த விஷயம் எனக்கு எளிதில் விளங்குகிறது. வழவழத்துப்போன அம்மியில் மிளகாய் வழுக்கும், மசியாது. அதற்காகத்தான் உளியால் சிறுசிறு புள்ளிகளாகக் கொத்திச் சொரசொரப்பை உண்டாக்குவார்கள். கொத்தி முடித்த அம்மியில் அப்பத்தா அன்றைக்கே மசாலா அரைக்க மாட்டார். தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டிக் கழுவுவார், மறுபடியும் அரைப்பார், விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, நறநறப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மல்லியும் மிளகாயும் அம்மிக்கு ஏறும். கொத்திய முனைகள் முழுக்கத் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிடக் கூடாது. கூராக நின்று கல் மாவாக உதிரவும் கூடாது. சிலிண்டருக்குள் கல்லால் உரசி ஹோனிங் செய்வதும் இதே வேலைதான். உள்சுவரில் கத்திரி போட்டதுபோல் குறுக்கும் மறுக்கும் ஓடும் மெல்லிய கோடுகளின் முகடுகளை, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்த்துத் தனக்குப் பொருத்தமாக்கிக்கொள்ளும். பள்ளங்களில் எண்ணெய் தங்கும். பழக்குவது என்பது இந்த முகடுகள் சரியான அளவுக்குத் தேய்கிற சில நூறு கிலோமீட்டர்களே.

அதனால் இந்த முறை லேத்திலிருந்து சிலிண்டர் வந்ததும் நானும் மெக்கானிக் அண்ணனுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தேன். முதலில் கழுவுதல். ஹோனிங் கல்லின் பொடி அந்தக் கோடுகளுக்குள் அடைந்திருக்கும். பெட்ரோலை ஊற்றித் துடைத்தால் எண்ணெய் மட்டும் போகும், பொடி போகாது. சோப்புத் தூளும் வெந்நீரும் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வெளியே வர வேண்டும். எங்களுக்கு ஐந்தாம் முறைதான் அப்படி வந்தது. கழுவிய வார்ப்பிரும்பு கண் எதிரிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால், ஈரம் காய்ந்த உடனே டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான டூடி ஆயிலைத் தடவிவிட வேண்டும்.

அடுத்தது போர்ட்டுகளின் விளிம்பு. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் புகை வெளியேறவும் கலவை உள்ளே வரவும் சன்னல்கள்போல் திறப்புகள் இருக்கின்றன. ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அவற்றைக் கடந்து போகிறது. போர் போட்ட பிறகு அந்த விளிம்புகள் கத்திபோல் கூராக நிற்கும். விரல் நுனியால் தடவினேன். சைலன்சர் பக்கத்துத் திறப்பின் மேல் விளிம்பு நகத்தைச் சீவியது. அண்ணன் சிறிய அரத்தாலும் எமரித் தாளாலும் அதை மெல்ல மழுக்கிய பின்பு, சிலிண்டரை மறுபடியும் கழுவினோம். இந்த வேலையைச் செய்யாமல் பூட்டிவிட்டால், நாம் எத்தனை பொறுமையாக ஓட்டினாலும் ரிங் அந்த விளிம்பில் மாட்டி உடையலாம். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தோம், 0.20 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க, ரிங்கின் வாய் பள்ளத்திலுள்ள சிறிய ஊசிக்கு நேராக அமரப் பூட்டினோம். கிராங்கின் இரண்டு ஆயில் சீல்களையும் மாற்றச் சொன்னேன். வெளியே தெரியாத அந்த ரப்பர் வளையத்தில் கசிவு இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து, பெட்ரோலின் பங்கு குறைந்த வறட்சியான கலவையாக்கிவிடும்.

இனி பெட்ரோலும் எண்ணெயும். இந்த வண்டியில் எண்ணெய்க்குத் தனி பம்ப் உண்டு. என்ஜின் சுற்றும் வேகத்தையும் ஆக்சிலரேட்டர் திறப்பையும் பொறுத்து அது எண்ணெயைக் கூட்டிக் குறைத்து அனுப்பும். என்ஜினைப் பிரித்துப் பூட்டிய பிறகு அதன் குழாயில் காற்று நின்றுவிடுவது வழக்கம். பம்ப்பில் உள்ள சிறிய ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வடியும் வரை காத்திருந்துதான் மூடினோம். அதற்கு மேலும் ஒரு காப்பாக, முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூடி ஆயிலை நேராகவே கலந்தேன். நாற்பது, ஐம்பது என்று ஊற்றினால் இன்னும் பாதுகாப்புதானே என்று தோன்றும். ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட் துளை மாறுவதில்லை. அதன் வழியே போகும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும், எரிப்பு வறட்சியாகும், சூடு ஏறும். பாதுகாப்புக்காக ஊற்றியதே சூட்டுக்குக் காரணமாகிவிடும். போதாததற்கு இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மேலும் வறளும். அதற்காகக் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி, பெட்ரோல் சற்றுக் கூடுதலாக வர ஊசியை உயர்த்தினோம். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வண்டியை இன்றைய பெட்ரோலில் ஓட்டுகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்ஜினை முதலில் கிளப்பிய நாள் நான் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. வீட்டு முகப்பில் நிறுத்தி உதைத்து, ஒரே சீராக நிற்க விடாமல் ஆக்சிலரேட்டரை இலேசாகக் கூட்டியும் குறைத்தும், ஃபின்களின் மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியதும் நிறுத்தினேன். பிறகு முழுதாக ஆறும் வரை விட்டுவிட்டேன். மேலே தொட்டால் குளிர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே சூடு நிற்கும். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். மூன்று முறை இப்படிச் சூடேற்றி ஆறவிட்டேன். புதிய பேக்கிங் சூட்டில் அமுங்கி அமரும்போது, சிலிண்டரின் மூடியான ஹெட்டின் நட்டுகள் இளகும். மூன்றாம் முறை ஆறிய பிறகு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தபோது, நான்கில் இரண்டு நட்டுகள் கால் சுற்று அளவுக்கு ஏறின. இளகிய நட்டோடு ஓட்டியிருந்தால் ஹெட் பேக்கிங் வழியே புகை கசியத் தொடங்கியிருக்கும்.

ஓட்டத் தொடங்குமுன் ஆக்சிலரேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப்பை மெல்லிய பட்டையாக ஒட்டினேன். ஸ்விட்ச் பெட்டியின் ஓரத்தில் மூன்று புள்ளிகள்: மூன்றில் ஒரு பங்கு திறப்பு, பாதி, முக்கால். இந்த வண்டியில் என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது, கைக்கும் ஞாபகம் கிடையாது. சாலை நன்றாக இருந்தால் அது தன்னையறியாமல் முறுக்கிவிடும். முதல் நூறு கிலோமீட்டர் பட்டை முதல் புள்ளியைத் தாண்டவில்லை. நூறிலிருந்து முந்நூறு வரை பாதித் திறப்பு, அதுவும் சில விநாடிகளுக்கு மட்டும். முந்நூறுக்குப் பிறகு முக்கால்.

ஆனால் எத்தனை திறப்பு என்பதைவிட, திறந்து மூடிக்கொண்டே இருந்தேன் என்பதுதான் முக்கியம். ரிங் தன் சொந்த விறைப்பால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. எரிப்பின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் உள்ள பள்ளத்துக்குள் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. பாரம் ஏறும்போதுதான் அந்த அழுத்தம் வரும். பயந்துகொண்டே ஐந்நூறு கிலோமீட்டரும் பூப்போல ஓட்டினால், ரிங் எண்ணெய்ப் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். அந்த எண்ணெய் சூட்டில் இறுகி, சுவர் கண்ணாடிபோல் பளபளத்துவிடும். அப்புறம் முகடுகள் தேய வழியில்லை, ரிங் அமராது, வண்டி கடைசி வரை மந்தமாகவே இருக்கும். ஆகவே இரண்டாம் கியரில் சற்றே தாராளமாக ஏற்றி, உடனே குறைத்து, ஓரிரு விநாடி காற்றில் ஆறவிட்டு, மூன்றாம் கியரில் மறுபடி ஏற்றி, மறுபடி குறைத்து ஓட்டினேன். ஏற்றும்போது ரிங் அமர்கிறது. குறைக்கும்போது சூடு இறங்குகிறது.

இதற்கு நம் ஊர்ச் சாலைகளைப் போல் வேறு எங்கும் அமையாது. திருச்சி நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போகலாம், பழக்கும் வண்டிக்கு அதைவிடக் கெட்ட சாலை இல்லை. பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று சிற்றூர்ச் சாலைகளாகவே எடுத்துக்கொண்டேன். ஓர் ஊருக்குள் நுழைந்தால் வேகத்தடை, ஆடு, கோயில் வளைவு. ஊரைத் தாண்டினால் கண்மாய்க் கரையில் சிறிய ஏற்றம், அதன் பிறகு நேர்ச்சாலை ஒரு துண்டு, மறுபடியும் ஊர். கையும் கியரும் சும்மா இருக்க வழியே இல்லை. பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு ஒரு முறை ஏதாவது ஓர் ஊருணிக் கரையிலோ பெரிய வீட்டின் மதில் நிழலிலோ நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டேன். நடுப்பகலில் வண்டியை எடுக்கவில்லை. விடிந்த நேரமும் மாலை நான்கு மணிக்கு மேலும்தான். கிளம்பும்போதெல்லாம் ஃபின்களைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு உள்ளங்கைக்குத் தெரிந்த பிறகே முதல் கியர்.

இரண்டு விஷயங்களில் இன்னும் கண்டிப்பாக இருந்தேன். வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாக மூடிவிட்டுக் கியரிலேயே உருளவிட்டால், என்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், எண்ணெயும் கலவையும் மிகக் குறைவாக வரும். அதனால் வேகத்தடை கண்ணில் பட்டதும் கிளட்சைப் பிடித்துவிடுவேன். உருளும்போது ஒரு முறை இலேசாக முறுக்கி விடுவேன். நம் பகுதியில் நீண்ட இறக்கங்கள் இல்லாதது நல்லதாயிற்று. மலைச்சாலைக்கு ஆயிரம் கிலோமீட்டர் வரை இந்த வண்டி போகாது. மற்றொன்று, இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்சின் மேல். பிடிக்கப்போகும் என்ஜின் முன்கூட்டியே சொல்லும்: காரணமில்லாமல் இழுவை தொய்யும், சத்தத்தின் ஈரம் போய் வறண்ட சரசரப்பு கேட்கும். அந்த நொடியில் கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டி ஆறவிட்டால் பெரும்பாலும் பிஸ்டன் தப்பித்துவிடும். மார்கழி விடியலில் எனக்கும் அது சொன்னது, கேட்கத் தெரியவில்லை.

ஆடிக் காற்று வேறு. செம்பூறாங்கல் பூமியில் இந்த மாதம் முழுவதும் செம்பொடி பறக்கும். ஒரு லாரிக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டர் போனால் சட்டைக் காலர் சிவக்கிறது. அதே பொடி உள்ளே போனால் புதிய சிலிண்டருக்கு எமரித் தாள்போல் ஆகிவிடும். ஏர் ஃபில்டரின் ஃபோமை இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவிப் பிழிந்து போட்டேன். அலசிய மண்ணெண்ணெய் செங்கல் கரைத்த தண்ணீரைப்போல் இருந்தது.

மாற்றம் எனக்கு முதலில் தெரிந்தது காலில்தான். பூட்டிய புதிதில் கிக்கரை மிதித்தால் தளர்வாக இறங்கும். இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு காலை, வழக்கம்போல் மிதித்தேன். கிக்கர் பாதியில் நின்று, என் எடையைத் தாங்கிக்கொண்டு, பிறகே மெல்ல இறங்கியது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ரிங் அமரத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அப்பச்சியைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னேன். அவரும் மிதித்து, கிக்கர் நின்ற இடத்திலேயே காலை வைத்துக்கொண்டு, “பழைய கனம் வந்துருச்சுப்பா” என்றார். 1991இல் வாங்கிய வண்டியின் கனம் அவர் காலுக்கு நினைவிருக்கிறது.

ஐந்நூறு முடிந்ததும் கியர் ஆயிலை வடித்து மாற்றினேன். வடிந்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது வெள்ளிப் பொடிபோல் மின்னியது; பிரித்துப் பூட்டிய என்ஜினில் எதிர்பார்க்க வேண்டியதுதான், கையில் நெருடும் துகள் எதுவும் இல்லை. ஹெட் நட்டுகளைக் குளிர்ந்த நிலையில் மறுபடியும் பார்த்தேன், எதுவும் இளகவில்லை. டேங்க்கில் நேராகக் கலக்கும் எண்ணெயை முதல் டேங்க்கோடு நிறுத்தியிருந்தேன்; புகையும் அதற்கேற்பக் குறைந்து, இப்போது காலையில் உதைக்கும்போது மட்டும் தெரிகிறது.

வெள்ளைப் பட்டை இன்னும் கைப்பிடியில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு காலை திருமயம் வரை போய்வர நினைக்கிறேன். வழியில் ஆளில்லாத நேர்ச்சாலை ஒன்றில், வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, மூன்றாம் கியரில் முதல் முறையாக முழுதாகத் திறந்து, ஐந்து எண்ணி மூட வேண்டும். பின் இருக்கையில் அப்பச்சி வருகிறேன் என்கிறார்; பாரம் கூடும் என்பதால் இப்போது வேண்டாம், ஆயிரம் கிலோமீட்டர் ஆகட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.